குடியிருப்பு: இல்லை

நெட்டையர் நிமிர்ந்து நின்றால் அந்தப் பக்கத்துச் சோளக்காட்டில் அவர் தலை மட்டும் தனியாகத் தெரியும். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற காலத்திலும் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அதோ, நெட்டையர் தண்ணி பாய்ச்சுறாரு" என்று சொல்லிவிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் நிலப்பத்திரத்தோடு பெட்டிக்குள் கிடந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்த மனிதரின் நிலத்தில்தான் காத்தாடி வந்து நின்றது. காகிதத்தில் காற்றாலை என்று எழுதுவார்கள், ஊரில் எல்லோருக்கும் அது காத்தாடி. கோபுரம் மட்டும் முப்பது மாடி உயரம். இறக்கையை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி முக்குத் திரும்புவதற்காக இரண்டு மரத்தையும் ஒரு கடையின் முன்பக்கத்தையும் எடுக்க வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். "என்ன நெட்டையரே, இனிமே உங்களுக்கு வேற பேரு பாக்கணும் போலிருக்கே. குட்டையர்னு வச்சிரலாமா?" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நெட்டையரும் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

நாலு ஏக்கர் நிலம், அப்பா விட்டுப் போனது. நடுவில் கிணறு. கிணற்றை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் ஒரு மோட்டார் ரூம். கல்யாணமான புதிதில் டவுனில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை பிடித்து மனைவியைக் குடிவைத்தார். மில் ஓடினால் சுவர் அதிரும். தலையில், தட்டில், தலையணையில் எங்கும் மாவு. இவரோ, மோட்டாரை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று வாரத்தில் ஐந்து நாள் காட்டிலேயே படுத்துக்கொள்வார். மூன்று மாதம் பொறுத்தாள் அந்தம்மா. ஒரு நாள் காலையில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டாள்.

"நீங்க ஒரு எடம், நான் ஒரு எடம்னா எதுக்குக் கல்யாணம் பண்ணுனீங்க? பேசாம இந்த மோட்டாரையே கட்டியிருக்கலாமே."

"இது மோட்டார் ரூம்மா. மனுசன் இருக்குற எடமா இது?"

"மோட்டார் இருக்குதுல்ல? அதுக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை."

அப்படித்தான் அது வீடானது.

ஆனால் வீடு என்று வெளியில் சொல்ல முடியாது. விவசாய நிலத்தில் வீடு கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், அது செருப்புத் தேய அலைகிற வேலை. அதைவிடப் பெரிய சங்கடம் கரண்ட். கிணற்றுக்கு வருவது விவசாய லைன். அதில் மோட்டார் ஓடலாம், குடும்பம் நடத்த விளக்கு எரியக் கூடாது. பார்த்துவிட்டால் லைனையே வெட்டிவிடுவார்கள். தண்ணீர் போச்சு, பயிர் போச்சு. ஆகவே மீட்டர் பார்க்கிறவர் முதல்முறை வந்து, "இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று கேட்டபோது நெட்டையர் யோசிக்கவே இல்லை.

"இல்ல சார். வெறும் மோட்டார் ரூம்."

மகள் பிறந்த வருஷம் பக்கத்தில் ஒரு அறை எழுப்பினார். மீட்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இது என்ன புதுசா?" உர ரூம் சார். இன்னும் இரண்டு வருஷம் கழித்து மறுபக்கம் சமையலுக்கு ஒன்று. அது விதை ரூம். குளிப்பதற்கு நாலு தகரத்தை நட்டு மறைத்தார். மருந்தடிக்கிற மெஷின் வைக்க சார். வீட்டு வரிக்காரர் வந்தாலும் இதே பதில், நில அளவை ஆபீஸ்காரர் வந்தாலும் இதே பதில். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளேயும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. "உர ரூம்ல பாயை விரி." "விதை ரூம்ல பால் பொங்குது பாரு." மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீடு' என்று கட்டுரை எழுதினாள். எங்கள் வீட்டில் மோட்டார் ரூம், உர ரூம், விதை ரூம் ஆகிய மூன்று அறைகள் உள்ளன, நான் உர ரூமில் உறங்குவேன் என்று எழுதி வைத்துவிட்டாள். டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தாராம். பிள்ளை அழுதுகொண்டு வந்தது.

ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், வீட்டில் ஒரு பட்டாளத்துப் பயிற்சி நடக்கும். கொடியில் காய்கிற துணி உள்ளே போகும். கட்டிலின் மேல் நாலு உரச்சாக்கு விழும். அடுப்பின் மேல் ஒரு தகரம். அந்தம்மாவும் மகளும் ஆளுக்கொரு அரிவாளை எடுத்துக்கொண்டு சோளத்துக்குள் இறங்கிவிடுவார்கள். யாராவது கேட்டால், "வேலைக்கு வந்தவங்க சார்." மகளுக்கு அது கண்ணாமூச்சி. அந்தம்மாவுக்கும் முதல் நாலைந்து தடவை சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு தடவை அவளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த நாளில் வரிக்காரர் வந்தார். வந்தவர் கிணற்றடி நிழலில் உட்கார்ந்து ஆற அமர ஊர்க்கதை பேசினார். அவர் கிளம்பிப் போகிற வரைக்கும் அவள் சோளத்துக்குள் நின்றாள். வெளியே வந்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்:

"காய்ச்சலோட கூலிக்காரிகூட வேலைக்கு வர மாட்டா. நான் வந்துட்டேன்."

"அடுத்த வருசம் முறையா எழுதி வாங்கிருவோம்மா."

அந்த அடுத்த வருஷம் இருபத்தாறு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

மகள் டவுனில் வாக்கப்பட்டு மாடி வீட்டுக்குப் போன மறுவருஷம் கம்பெனி வந்தது. வெயிலுக்குத் தொப்பி, முக்காலியில் ஒரு கருவி, கையில் தாள்கட்டு. அளவெடுக்க வந்தவர் மரியாதையான மனிதர். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கிணற்று மேடையில் ஏறினார். நிலத்தின் மேல்பக்கம் ஒரு காத்தாடி, அதற்கு ஒரு ரோடு, இருபத்தைந்து வருஷ ஒப்பந்தம், வருஷா வருஷம் வாடகை வரும் என்று சொன்னார். நெட்டையருக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருஷமாகச் சோளம் கைகொடுக்கவில்லை.

ஜீப் சத்தம் கேட்டதுமே அந்தம்மா சோளத்துக்குள் போயிருந்தாள். அது கால் செய்கிற வேலை, தலைக்குத் தெரிவதற்குள் நடந்துவிடும்.

"இந்தக் கட்டடம் எல்லாம்?" என்று அளவுக்காரர் கேட்டார்.

"மோட்டார் ரூம், உர ரூம், விதை ரூம்."

"யாராவது குடியிருக்காங்களா?"

"இல்ல சார்."

"நிச்சயமா?"

"ஒரு ஈ, காக்கா இல்ல சார். நீங்களே பாருங்களேன்."

அவர் பார்த்தார். சாக்கைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். கட்டடம் மூன்று, குடியிருப்பு: இல்லை என்று எழுதி, வாசித்தும் காட்டினார். நெட்டையர் பெட்டிக்குள் கிடந்த பெயரை எடுத்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் சோளத்திலிருந்து வெளியே வந்த மனைவியிடம், "பாத்தியா, எவ்வளவு படிச்சவன் வந்தாலும் நம்மகிட்ட நடக்காது" என்றார். அவள் தலையில் ஒட்டியிருந்த சோள நாரை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அவரு எதுக்குக் கேட்டாருன்னு நீங்க கேட்டீங்களா?"

"எல்லாரும் கேக்குறதுதான்."

எல்லோரும் கேட்கிறதுதான். ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்குக் கேட்பதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜனங்கள் குடியிருக்கிற வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் காத்தாடி நிற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மோட்டார் ரூமுக்கும் உர ரூமுக்கும் அந்த விதி கிடையாது. அவற்றுக்குத் தூக்கம் வேண்டாம். காத்தாடி நூற்றெண்பது மீட்டரில் வந்து நின்றது.

முதலில் மண் போனது. மேல்பக்கத்தில் கிணறு மாதிரி அகலமாகத் தோண்டினார்கள். சிமெண்டுக் கலவை லாரி இரண்டு நாள் விடாமல் வரிசை கட்டி வந்து கொட்டியது. கிரேன் நிற்பதற்கு அரை ஏக்கரைக் கல் போட்டு இறுக்கினார்கள். "மேல் மண்ணைத் தனியா ஒதுக்கி வச்சிருக்கோம், வேலை முடிஞ்சதும் அப்பிடியே திருப்பிப் போட்டுருவோம்" என்று மேஸ்திரி சொன்னார். திருப்பித்தான் போட்டார்கள். ஆனால் கீழே கிடந்த மஞ்சள் களி மேலே வந்துவிட்டது, மேலே இருந்த கறுப்பு மண் எங்கே போனதென்று அந்தக் களிக்கே வெளிச்சம். நெட்டையர் கடப்பாரையைத் தூக்கி ஒரு போடு போட்டார். டங்கென்று தெறித்து வந்தது. ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை.

ரோடு நிலத்தின் குறுக்கே இரண்டடி உயரத்துக்கு நின்றது. மழை பெய்தால் தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு ஓடிவருகிற நிலம் அது. அப்பா காலத்திலிருந்து அப்படி. ரோட்டுக்கு அடியில் வைத்த குழாய் முதல் லாரியிலேயே நசுங்கிவிட்டது. ரோட்டுக்கு மேல்பக்கம் சோளம் தண்ணீரில் நின்று வேர் அழுகியது. கீழே தண்ணீர் இல்லாமல் சுருண்டது. ஒரே மழையில் ஒரே ஆளின் ஒரே பயிர் பாதி அழுகியும் பாதி காய்ந்தும் போனதை நெட்டையர் தன் ஆயுளில் பார்த்ததில்லை. டீக்கடையில் சொன்னபோது, "ரெண்டுக்கும் நடுவுல ரோட்டுல நட்டிருக்கலாம்ல?" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை நெட்டையர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நிலத்தோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். அடுத்தது வீட்டுக்குள் வந்தது.

சாயங்காலம் சூரியன் காத்தாடிக்குப் பின்னால் இறங்கும். அப்போது இறக்கையின் நிழல் ரோட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, விதை ரூம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். வந்து நின்றாலாவது பரவாயில்லை. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. நிமிஷத்துக்கு நாற்பது தடவை, முக்கால் மணி நேரம். யாரோ ஒருவன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து விளையாடுகிற மாதிரி. அந்தம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் விரலை நறுக்கிக்கொண்டாள். பிறகு தலைச்சுற்றல், பிறகு வாந்தி. நெட்டையர் ஜன்னலில் உரச்சாக்கை அடித்தார். நிழல் நின்றது, சாக்குக்குப் பின்னால் வேர்த்து வழிந்தபடி அவள் சமைத்தாள்.

சத்தத்துக்கு அடிக்கச் சாக்கு இல்லை. ஈரப் போர்வையைக் கல்லில் அடித்துத் துவைப்பது போல ஒரு சத்தம். ஒவ்வோர் இறக்கையும் கோபுரத்தைத் தாண்டும்போது ஒரு அடி. பகலில் வேலையில் மறந்துபோகும். படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வரும். நெட்டையருக்கு ஒரு காது மந்தம், அந்தக் காதை மேலே வைத்துப் படுத்துக்கொண்டார். அவளுக்கு இரண்டு காதும் நல்ல காது.

"மாவு மில்லுப் பக்கம் இருந்தவதானே நீ? அந்தச் சத்தத்துல தூங்கலையா?" என்று ஒரு நாள் ஆற்றாமையில் கேட்டார்.

"மில்லை ராத்திரியில நிப்பாட்டுவாங்க" என்றாள். கண்ணுக்குக் கீழே மை தடவியது மாதிரி கறுத்திருந்தது. ஐந்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். ஒரு காலையில் அதே தகரப்பெட்டியை எடுத்தாள்.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அதன் பிறகு நெட்டையருக்கு ஒரே யோசனைதான். புகார் ஆபீஸுக்குப் போனார். குமாஸ்தா கோப்பை எடுத்து விரித்து, ஒரு தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"குடியிருப்பு இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே ஐயா."

"அது சும்மா சொன்னது சார்."

"சும்மாவா?"

"எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்றது."

குமாஸ்தா கெட்ட மனிதர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வழி சொல்லப் பார்த்தார். வீட்டு வரி ரசீது ஒன்று இருக்கிறதா? வீட்டு கரண்ட் பில்? அந்த விலாசத்துக்கு எப்போதாவது வந்த ஒரு கடிதம்? நெட்டையர் யோசித்துப் பார்த்தார். கடிதம் எல்லாம் டீக்கடைக்கு வரும். மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழில்கூட டீக்கடை விலாசம்தான். இருபத்தாறு வருஷம் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவ்வளவு நறுவிசாக அவரே துடைத்து வைத்திருந்தார்.

"அப்போ ஒண்ணு பண்ணலாம்" என்றார் குமாஸ்தா. "அதிகாரி நேர்ல வந்து பாப்பாரு. குடும்பம் அங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சு எழுதிட்டாருன்னா, நிழல் விழுற நேரத்துலயும் ராத்திரியிலயும் காத்தாடிய நிறுத்தச் சொல்லி உத்தரவு போடலாம். கரண்ட் ஆபீஸ் விசயம் எங்க வேலை இல்ல, நாங்க கேக்க மாட்டோம். புதன்கிழமை வராரு. வீட்டுல எல்லாரும் இருங்க."

நிழல் விழுகிற நேரத்திலும் ராத்திரியிலும். அது போதும். அது கிடைத்தால் அவள் திரும்பி வருவாள். நெட்டையர் ஆபீஸ் வாசலிலிருந்தே போன் போட்டார்.

"ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போ."

"வந்து?"

"நாம இங்கதான் குடியிருக்கோம்னு சொல்லணும்."

"நானா சொல்லணும்?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? ஏற்கெனவே வேற மாதிரி சொன்ன வாயாச்சே."

"சரி, வரேன்."

புதன்கிழமை காலையில் நெட்டையர் இருபத்தாறு வருஷப் பயிற்சியைத் தலைகீழாகச் செய்தார். கட்டில் மேலிருந்த சாக்கை எடுத்து எறிந்தார். அடுப்புத் தகரத்தைக் கிணற்றடியில் போட்டார். ஜன்னல் சாக்கை ஆணியோடு பிடுங்கினார். கொடியில் கைக்குக் கிடைத்த துணியை எல்லாம் காயப்போட்டார். ஒவ்வொன்றாகப் போடப்போட அவருக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. தூரத்தில் ரோட்டுக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தார். வீடு மாதிரிதான் இருந்தது. முதல்முதலாக யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வீடு.

பதினோரு மணி பஸ்ஸில் அவள் வந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எங்கேயோ குத்தவும் செய்தது. கொடியைப் பார்த்து நின்றாள்.

"இது நான் அடுப்புத் துடைக்கப் போட்ட துணி."

"தூரத்துலருந்து பாத்தா தெரியாது."

"அது என் பாவாடையில பாதி. மீதி எங்க?"

"எலி." இருவரும் சிரித்துவிட்டார்கள். எத்தனையோ மாதம் கழித்து அந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தது அதுதான்.

அவள் பெருக்கினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து, "படுக்கிற ரூம்னு சொல்லணும், உர ரூம்னு சொல்லிடாத. சமையல் ரூம். மறந்துறாத" என்று பாடம் நடத்தினார். அவள் தலையாட்டினாள். உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாள், உள்ளே கல்லாக இறுகியிருந்தது. அதைக் கரண்டிக் காம்பால் குத்தி உடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் அந்தம்மாவின் கை அரிவாளைத் தேடி ஒரு நொடி சுவர்ப்பக்கம் போய்விட்டுத் திரும்பியது. நெட்டையர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அதிகாரி அவசரப்படுகிற ஆள் இல்லை. காத்தாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்தார். ஒவ்வோர் அறையாகப் பார்த்தார்.

"இது?"

"உர… படுக்கிற ரூம் சார்."

"சமையல் தினமும் நடக்குதா? பாத்திரத்துல தூசி இருக்கே."

"அவ பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தா சார். நான் டீக்கடையிலயே பாத்துக்குவேன். அவ இருந்தா தினம் ரெண்டு வேளை அடுப்பு எரியும்."

அந்தம்மா கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு அதிகாரி தாளை விரித்தார். பழைய தாளில் இருந்ததை வாசித்தார். மோட்டார் ரூம், உர ரூம், விதை ரூம். குடியிருப்பு: இல்லை. பிறகு நெட்டையரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் உங்ககிட்டதான் கேக்கணும். நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். கொடியில் ஆடிய துணியைப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அழுகி நின்ற சோளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றாள். "நான் என் மக வீட்டுல இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் இல்ல. இங்க நான் வேலைக்கு வந்தவ."

நெட்டையருக்குப் பொட்டில் அடித்தது மாதிரி இருந்தது. "அவளுக்குத் தலைசுத்தல் சார், என்ன பேசுறோம்னு…" என்று முன்னால் வந்தார். அதிகாரி கையால் அவரை நிறுத்திவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே நிழல் வந்துவிட்டது. தாளின் மேல் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. அவர் இரண்டு தடவை கண்ணைக் கசக்கினார். மூன்றாம் தடவை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதி முடித்தார். நெட்டையரிடம் கையெழுத்து வாங்கினார். பழையதுக்குப் பக்கத்தில் புதியது. ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்து, உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"சாயங்காலத்துல இங்க ரொம்ப நேரம் நிக்காதீங்க ஐயா. தலை சுத்துது."

ஜீப் போன பிறகு அந்தம்மா டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். ஆறு மணி பஸ்ஸுக்கு இருவரும் கம்பெனி ரோட்டில் நடந்தார்கள். அந்த நிலத்தில் சேறு படாமல் நடக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். பாதி தூரம் வந்திருந்தார்கள்.

"ஏம்மா?" என்றார் கடைசியில். திட்டுவதற்கு வாய் வரவில்லை.

"சொல்லணும்னுதான் வந்தேன். அந்தத் துணியெல்லாம் பாத்தப்போகூட மனசு எளகுச்சு. அந்த ஆளு கேட்டதும் வாய் வரல."

"ரெண்டு வார்த்தைதானே. ஆமா சார்னு."

"ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவாங்க? காத்தாடியப் புடுங்கிருவாங்களா? கொஞ்ச நேரம் நிறுத்துறோம்பாங்க. ஒரு மாசம் நிறுத்துவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. நீங்க அதையே புடிச்சுக்கிட்டு என்னையும் இங்க இழுத்துப் போட்டுருவீங்க. இந்தத் தடவ எத்தன வருசமோ." மூச்சு வாங்க நின்றாள். "சோளத்துக்குள்ள நின்னப்போ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவ என் பொண்டாட்டி சார்னு சொல்லுவீங்கன்னு நெனச்சிருக்கேன்."

காத்தாடி அவர்கள் தலைக்கு மேலே ஒவ்வோர் அடியாக அடித்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "வரீங்களா? மாப்பிள்ளைகிட்ட சொல்லியாச்சு. கூடத்துல ஒரு கட்டில் போட எடம் இருக்கு."

"மோட்டாரை எவனாவது கழட்டிட்டுப் போயிருவான்."

அவள் படியேறி உள்ளே போனாள். கண்டக்டர் விசிலடித்தார். நெட்டையர் நீண்ட கையைத் தூக்கி வைத்தபடியே பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் நின்றார். ஜன்னலில் இருந்த யாரோ, "அதோ நெட்டையர்" என்றிருக்கலாம்.

திரும்பி வந்தபோது நிழல் போய்விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. சமையல் ரூமில் உப்பு உடைத்த ஜாடியின் மூடி திறந்தே கிடந்தது. அதை மூடினார். கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

அப்போது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. நெட்டையர் எழுந்தார். கொடியில் கிடந்த துணியை இரண்டு கையாலும் வாரி எடுத்து உள்ளே போட்டார். கிணற்றடியில் கிடந்த தகரத்தைத் தூக்கி அடுப்பின் மேல் வைத்தார். சாக்குகளைப் பொறுக்கி வந்து கட்டிலின் மேல் ஒவ்வொன்றாக விரித்தார். நாலாவது சாக்கைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து பார்த்தார்.

கம்பெனி ஜீப். காத்தாடிக்கு எண்ணெய் போடுகிறவர்கள். அவர்கள் இந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேரே மேலே போய்விட்டார்கள்.

அவர் சாக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். யாராவது இறங்கி வந்து கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தார். பிறகு உள்ளே போய் நாலாவதையும் கட்டிலின் மேல் போட்டு, ஓரம் தொங்காமல் இழுத்துச் சரி செய்தார்.